பசுந்தேயிலைப் பட்டுவாடா: இணைப்பு மென்பொருளுக்கு டெண்டர் விடும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொழுந்து எடை போடுவதிலிருந்து விவசாயியின் வங்கிக் கணக்கில் பணம் ஏறுவது வரை எல்லாமே கணினி வழியாக நடக்க வேண்டும் என்ற கோரிக்கை நீலகிரியில் அடிக்கடி எழுகிறது. நியாயமான கோரிக்கைதான். ஆனால் அதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் மின்னணுத் தராசு, கைக்கருவி, சர்வர் என்று வாங்க வேண்டிய சாமான் பட்டியலோடு முடிந்துவிடுகிறது. சாமான்கள் அவரவர் வேலையை ஒழுங்காகத்தான் செய்யும். தகவல் ஒரு சாமானிலிருந்து அடுத்ததற்குத் தாவும் இடத்தில்தான் கணக்கு கெடும். அந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக்கூடாது என்பதை மென்பொருள் இணைப்பு வேலையில் இருப்பவர்கள் என்ற முறையில் எழுதுகிறோம்.

முதலில் இலை போகும் வழி. ஹட்டியின் (படுகர் ஊரின்) கொள்முதல் மையத்தில் எடை போட்டு ரசீது கிழிக்கிறார்கள். சாக்கு எடை கழிகிறது. மழை நாளில் ஈரத்துக்கும் கழிவு உண்டு. லாரியில் ஏறிய இலை தொழிற்சாலை வாசலில் மொத்தமாக மறுபடி எடை போடப்படுகிறது. மாதம் முடிந்ததும், தேயிலை வாரியம் ஏல விலையை அடிப்படையாக வைத்து மாவட்டத்துக்கு அறிவிக்கும் பசுந்தேயிலை விலை வந்து சேர வேண்டும். அதில் உரக்கடனும் முன்பணமும் பிடித்தம் போக மீதி வங்கிக்கு. கடைசியில் விவசாயியின் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி. மையம், தொழிற்சாலை, விலை அறிவிப்பு, கடன் பேரேடு, வங்கி, குறுஞ்செய்தி என்று ஆறு இடங்கள். ஆறும் ஒரே ஆள் எழுதிய மென்பொருளாக இருக்கப்போவதில்லை.

இந்த ஆறையும் வரிசைப்படி இயக்கும் வேலைக்கு மென்பொருள் துறையில் ஆர்க்கெஸ்ட்ரேஷன் என்று பெயர். பரத மேடையின் நட்டுவனாரை நினைத்துக்கொள்ளலாம். அவர் ஆடுவதில்லை, மிருதங்கம் வாசிப்பதில்லை. யார் எப்போது எடுக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பது அவர் கைத்தாளத்தில் இருக்கிறது. நட்டுவனார் இல்லாமல் ஆளாளுக்குத் தன் அடியைத் தெரிந்து ஆடும் கோலாட்டம் மாதிரியான முறையும் உண்டு, அதைக் கோரியோகிராஃபி என்பார்கள். கோலாட்டத்தில் ஒருவர் அடி தவறினால் யார் தவறினார் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டும். பணப் பட்டுவாடாவுக்கு நட்டுவனார்தான் சரி.

இதற்கென்று பொதுத் தரங்கள் பல ஆண்டுகளாகவே உள்ளன. ஒவ்வொரு மென்பொருளும் தான் என்ன வாங்கும், என்ன தரும் என்பதை எழுதித் தரும் ஒப்பந்தப் பத்திரம் டபிள்யூஎஸ்டிஎல், அதன் 1.1 பதிப்பு 2001-இல் வந்தது. செய்திகள் சோப் (SOAP) என்ற வடிவிலான உறைக்குள், ஒவ்வொரு தகவலுக்கும் பெயர்க்குறி போடும் எக்ஸ்எம்எல் முறையில் போகும். ஐபிஎம் வைத்திருந்த டபிள்யூஎஸ்எஃப்எல், மைக்ரோசாஃப்ட் வைத்திருந்த எக்ஸ்லாங் இரண்டும் கலந்து 2002-இல் பிபெல் என்ற மொழி, வேலைகளின் வரிசையை, அதாவது செயல்முறையை, எழுதுவதற்கென்று பிறந்தது. 2003-இல் ஓயாசிஸ் என்ற தர நிர்ணய அமைப்பிடம் போய், 2007 ஏப்ரலில் டபிள்யூஎஸ்-பிபெல் 2.0 என்று தரமாக நிலைபெற்றது. செய்தியை வாங்கு, கூப்பிடு, பதில் சொல், காத்திரு, ஒரே நேரத்தில் நடத்து, தவறினால் இதைச் செய் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய கட்டளைகள்தான் அதில். காத்திருக்கும்போது, இதை ஓட்டும் மென்பொருள் (இதைத்தான் இயந்திரம் என்போம்) செயல்முறையின் நிலையைத் தரவுத்தளத்தில் எழுதிவிட்டு நினைவகத்தைக் காலி செய்யும். சர்வரை அணைத்து ஏற்றினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். மாதக் கணக்கில் நீளும் வேலைக்கு இது இல்லாமல் முடியாது.

‘இரவில் ஒரு எக்ஸெல் கோப்பை மெயிலில் அனுப்பிவிட்டால் போகிறது, இதற்கு ஏன் இத்தனை?’ என்பவர்கள் இருக்கிறார்கள். இலை தரும் விவசாயி உறுப்பினர்கள் ஐம்பது பேர் உள்ள இடத்துக்கு அதுவே போதும், நாங்களும் அதைத்தான் சொல்வோம். ஆயிரத்தைத் தாண்டினால் அதே கோப்பு இரண்டு முறை ஏற்றப்படும் நாள் ஒன்று வந்தே தீரும்.

இனி எங்கெல்லாம் சறுக்கும் என்பது.

முதல் சறுக்கல், செயல்முறையை எந்த அளவில் வெட்டுவது என்பதில். மாதம் முழுவதற்கும் எல்லா உறுப்பினருக்கும் சேர்த்து ஒரே செயல்முறை எழுதுவது எளிது, பார்க்கவும் அழகாக இருக்கும். கணக்குக்காக 1,200 உறுப்பினர்கள் என்று வைத்துக்கொள்வோம். பட்டுவாடாவை ஃபார்-ஈச் சுற்றில் (ஒவ்வொருவருக்கும் அதே வேலையைச் செய்யும் கட்டளையில்) ஒரே நேரத்தில் ஓடவிட்டிருக்கிறார்கள். 700 பேருக்குப் பணம் போய்விட்டது. 701-ஆவது உறுப்பினரின் ஐஎஃப்எஸ்சி எண் தவறு. அந்தச் சுற்றுக்குள்ளேயே பிழையைப் பிடித்து அடக்காவிட்டால் அது வெளியே ஏறும். ஓடிக்கொண்டிருக்கும் மற்றக் கிளைகள் (மற்ற உறுப்பினர்களுக்கான ஓட்டங்கள்) நிறுத்தப்படும். அதோடு நிற்காமல், வெளிப்பகுதியின் இயல்பான பிழைக் கையாளல், ஏற்கெனவே முடிந்த 700 கிளைகளுக்கும் ‘செய்ததைத் திருப்பு’ கட்டளையை ஓட்டும். பணம் வாங்கிய 700 பேர் கணக்கிலும் திருப்புப் பதிவு விழும். மென்பொருள் தரத்தில் எழுதியிருப்பதை அட்சரம் பிசகாமல் செய்திருக்கிறது, எழுதியவர்தான் யோசிக்கவில்லை.

ஆகவே இரண்டு விதமான செயல்முறைகள் தேவை. ஒன்று, லாரி நடைக்கு ஒன்று. அது சில மணி நேரத்தில், தகராறு இருந்தால் இரண்டு மூன்று நாளில் முடிய வேண்டும். மற்றது, ஒரு உறுப்பினருக்கு ஒரு மாதத்துக்கு ஒன்று. ஒருவர் கணக்கு நின்றால் அவருடையது மட்டும் நிற்கும்.

நடைச் செயல்முறை எப்படித் தொடங்கும்? மையத்திலிருந்து அந்த நடையில் ஏற்றிய ரசீதுகளின் பட்டியல் வரும், பிறகு தொழிற்சாலையிலிருந்து மொத்த எடை வரும் என்றுதான் யாரும் எழுதுவார்கள். மலையில் அப்படி வராது. பள்ளத்தில் இருக்கும் ஹட்டியில் சிக்னல் இல்லாமல் பட்டியல் கைக்கருவியிலேயே தங்கிவிட, லாரி மேடேறித் தொழிற்சாலை வாசலில் எடையும் போட்டு முடித்திருக்கும். பட்டியலுக்காக மட்டுமே காத்திருக்கும்படி எழுதியிருந்தால், முந்தி வந்த மொத்த எடைச் செய்தி போய்ச் சேர இடமில்லாமல் பிழையாகி விழும். பிபெல் 2.0-இல் இதற்கு வழி உண்டு. இரண்டு செய்திகளில் எது முந்தி வந்தாலும் செயல்முறை பிறக்கலாம் என்று இரண்டு தொடக்கங்களும் வைத்து, இரண்டுக்கும் பொதுவான அடையாளச் சாவியில் ‘ஜாயின்’ என்று குறிக்க வேண்டும். முந்தியது தொடங்கும், பிந்தியது வந்து சேர்ந்துகொள்ளும். பிபெலின் பழைய 1.1 பதிப்பில் பழகியவர்கள், அங்கே ‘ஜாயின்’ இல்லாததால், ‘எஸ்’, ‘நோ’ இரண்டை மட்டும் வைத்துத் தடவிக்கொண்டிருப்பார்கள்.

இந்த அடையாளச் சாவிக்குத்தான் கோரிலேஷன் என்று பெயர். ஆயிரம் செயல்முறைகள் ஒரே சமயத்தில் காத்திருக்கும்போது, வந்த செய்தி யாருடையது என்று இயந்திரம் கண்டுபிடிப்பது இதை வைத்துத்தான். எதைச் சாவியாக வைப்பது? பெயரை வைக்கவே கூடாது. ஒரு ஹட்டியில் போஜன் என்று எத்தனை பேர், அதில் ஒரே இனிஷியலோடு எத்தனை பேர் என்பது உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும். போன் எண்ணும் ஆகாது. ஒரு வீட்டில் மூன்று உறுப்பினர்கள் ஒரே எண்ணைக் கொடுத்திருப்பார்கள். ஆதார் எண்ணை ஒவ்வொரு செய்தியிலும் தூக்கிக்கொண்டு அலைய வேண்டிய அவசியமே இல்லை. மையக் குறியீடு, தேதி, நடை எண் மூன்றையும் ஒட்டிய சாவி போதும். ரசீதுக்கு அதோடு வரிசை எண். கைக்கருவியின் பேட்டரி கழன்று மாட்டினால் வரிசை எண் மறுபடி 1-இல் தொடங்கிவிடுமா என்று மட்டும் வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். தொடங்கிவிடும் என்றால் ஒரே நாளில் ஒரே எண்ணில் இரண்டு ரசீதுகள் நிற்கும்.

பெயரைச் சாவியாக வைக்கக்கூடாது என்பதற்குத் தமிழுக்கே உரிய காரணம் ஒன்றும் இருக்கிறது. ‘கௌரி’ என்ற பெயரை ஔகாரக் குறி போட்டு ஒருவர் அடித்திருப்பார். ஒற்றைக்கொம்பு, க, அதன்பின் ள என்ற எழுத்தையே போட்டு ‘கெளரி’ என்று இன்னொருவர் அடித்திருப்பார். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு இரண்டும் வேறு பெயர்கள், எந்தக் காலத்திலும் ஒன்றாகாது. ‘போஜன்’ இன்னும் நுட்பமான சிக்கல். ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், இரட்டைக்கொம்பு தனியாகக் கால் தனியாக இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். யூனிகோடு விதிப்படி இரண்டும் சமம்தான், ஆனால் செய்திக்குள்ளிருந்து தகவலை எடுத்து ஒப்பிடும் எக்ஸ்பாத் மொழி அந்தச் சமத்தைப் பார்ப்பதில்லை. உள்ளே வரும் வாசலிலேயே எல்லாப் பெயரையும் என்எஃப்சி என்ற யூனிகோடின் சீரான வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இந்த இரண்டாவது சிக்கல் தீரும். முதலாவது தீராது, அது எழுத்துப்பிழை. தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது 2010-இல்; அதற்கு முந்தைய எழுத்துருவில் அடித்து வைத்த உறுப்பினர் பட்டியல் எங்கேனும் இருந்தால் அதைத் தனி வேலையாக எடுத்து மாற்றிக் கையால் சரிபார்த்த பிறகே இணைக்க வேண்டும்.

எடை வித்தியாசத்துக்கு வருவோம். மையப் பட்டியலின் கூட்டுத்தொகை 1,842 கிலோ, தொழிற்சாலை வாசலில் 1,816 கிலோ என்றால் 26 கிலோ குறைவு, அதாவது சுமார் 1.4 சதவீதம். வழியில் ஈரம் வற்றுவதால் கொஞ்சம் குறைவது இயல்பு. எத்தனை சதவீதம் வரை தானாக ஏற்பது என்பதை நிர்வாகமும் உறுப்பினர்களும் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். புரோகிராமர் தன் மனம்போல ஒரு எண்ணைச் செயல்முறைக்குள் புதைத்துவிடக்கூடாது. எல்லையைத் தாண்டினால் ஒரு மனிதர் பார்க்க வேண்டும். பிபெலின் பலவீனம் இது: அடிப்படை மொழியில் மனிதருக்கு இடமே கிடையாது, எல்லாமே இயந்திரம் இயந்திரத்தோடு பேசுவது. 2005-இல் ஐபிஎம், சாப் (SAP) என்ற மென்பொருள் நிறுவனங்கள் இரண்டும் பிபெல்-ஃபார்-பீப்பிள் என்று ஒரு யோசனை வைத்தன. பிறகு ஹியூமன்-டாஸ்க் என்ற துணைத் தரமும் ஓயாசிஸில் வந்தது. எந்த வழியானாலும், யாருக்குப் போகும், எத்தனை மணி நேரத்தில் பார்க்க வேண்டும், பார்க்காவிட்டால் அடுத்து யாருக்கு ஏறும் என்ற மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். மூன்றாவது இல்லாவிட்டால் தகராறுள்ள ரசீது மேசை இழுப்பறைக்குள் போனது போலத்தான்.

ஈரக் கழிவு பற்றிய ஒரு பொறி. ஜூன், ஜூலை மழையில் சோதனை நடக்கிறது, எல்லா ரசீதிலும் ஈரக் கழிவு இருக்கிறது, எல்லாம் சரியாக ஓடுகிறது. ஜனவரியில் உறைபனி விழுந்து வறண்ட இலை வரும்போது, கழிவு இல்லை என்பதால் கைக்கருவி அந்தப் புலத்தையே (ரசீதில் கழிவுக்கான கட்டத்தையே) அனுப்பாமல் விட்டுவிடும். ‘அந்தப் புலத்திலிருந்து எடுத்து இங்கே வை’ என்ற கட்டளைக்கு எடுக்க எதுவும் கிடைக்காததால் செலக்‌ஷன்-ஃபெயிலியர் என்ற பிழை வரும். அவசரத்தில் யாராவது ‘இல்லாவிட்டால் பரவாயில்லை’ என்று ஒரு குறிப்பைச் சேர்த்துச் சரிசெய்வார்கள். தரத்தில் அதற்கும் வசதி உண்டு. அது இன்னும் மோசம். சுற்றில் ஓடும்போது அந்த மாறியில் (கழிவு எண்ணைத் தாங்கும் இடத்தில்) முந்தைய விவசாயியின் கழிவு அப்படியே தங்கியிருக்கும், அது அடுத்தவர் கணக்கில் கழியும். பிழை என்று எதுவும் காட்டாது. கழிவு இல்லையென்றாலும் ‘0’ என்று அனுப்பியே ஆக வேண்டும் என்று ஒப்பந்தப் பத்திரத்திலேயே கட்டாயமாக்குவது ஒன்றுதான் வழி.

எண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிபெல் இயல்பாகப் பயன்படுத்தும் எக்ஸ்பாத் 1.0-இல் எல்லா எண்ணும் மிதவைப் புள்ளி எண்தான். 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் சரியாக 0.3 வராத ரகம். எடையைக் கிராமிலும் பணத்தைப் பைசாவிலும் முழு எண்ணாக வைத்துக் கூட்டிக் கழித்து, கடைசியில் ஒரே ஒரு முறை முழுமையாக்குங்கள்.

நேரம். கால அளவு எழுதும் முறையில் ‘பிடி5எம்’ (PT5M) என்றால் ஐந்து நிமிடம். ‘டி’ ஒன்றை விட்டு ‘பி5எம்’ (P5M) என்று எழுதினால் ஐந்து மாதம். இரண்டும் இலக்கணப்படி சரி, எந்தக் கருவியும் எச்சரிக்காது. ஐந்து நிமிடத்தில் மறுமுயற்சி செய்ய வேண்டிய செயல்முறை அடுத்த பருவம் வரை தூங்கும். மாதக் கணக்கை ஒரு மாதம் ஒரு மாதமாகக் கூட்டிக்கொண்டு போவதும் தவறு: ஜனவரி 31-உடன் ஒரு மாதம் கூட்டினால் பிப்ரவரி 28, அதோடு இன்னொன்று கூட்டினால் மார்ச் 28, மாதக் கடைசி மூன்று நாள் இலை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும். ‘இவ்வளவு நேரம் காத்திரு’ என்பதற்குப் பதில் ‘இந்தத் தேதி வரை காத்திரு’ என்றே எழுதுங்கள். அந்தத் தேதியோடு +05:30 என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வாடகை சர்வர்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் ஓடுபவை; அவற்றின் நள்ளிரவு நமக்கு விடிகாலை ஐந்தரை. உச்சப் பருவத்தில் நள்ளிரவு தாண்டி வந்து சேரும் லாரியின் இலை முந்தைய நாளில், மாத முதல் தேதியானால் முந்தைய மாத விலையில் போய் விழும்.

இனி வங்கி. இங்கேதான் அதிகம் நிதானம் வேண்டும்.

பணம் அனுப்பும் கட்டளையைக் கூப்பிட்டுவிட்டுப் பதில் வரும் வரை அதே இணைப்பில் தொங்கிக்கொண்டிருப்பது எல்லோரும் செய்யும் முதல் தவறு. வழியில் இருக்கும் ஏதோ ஒரு பெட்டி ஒரு நிமிடத்தில் இணைப்பை அறுத்துவிடும். அறுந்த பிறகு பணம் போனதா போகவில்லையா என்பது அனுப்பியவருக்குத் தெரியாது. ‘போகவில்லை’ என்று எடுத்துக்கொண்டு மறுபடி அனுப்பினால் இரட்டைப் பட்டுவாடா. சரியான முறை: அனுப்பும் முன்பே உறுப்பினர் எண், மாதம், முயற்சி எல்லாவற்றையும் கட்டிய ஒரு பரிவர்த்தனை எண்ணை உருவாக்கிச் சேமித்துவிட வேண்டும், கட்டளையை அனுப்பி, ‘பெற்றுக்கொண்டேன்’ என்ற ஒப்புகை மட்டும் வாங்கிக்கொண்டு விலக வேண்டும், முடிவு தனிச் செய்தியாகத் திரும்பி வரட்டும். குறித்த நேரத்தில் வராவிட்டால் முதலில் நிலை விசாரிக்க வேண்டும். அந்த எண்ணில் எதுவும் வரவில்லை என்று வங்கி உறுதியாகச் சொன்ன பிறகே, அதே எண்ணில் மறுபடி அனுப்ப வேண்டும். புது எண் போட்டால் வங்கிக்கு அது புது வேலை.

செய்தி தொலையாமல் சேர்க்கும் டபிள்யூஎஸ்-ரிலையபிள்-மெசேஜிங் தரம் இருக்கிறதே, அது இதைப் பார்த்துக்கொள்ளாதா என்று கேட்பார்கள். அது தபால்காரரின் பொறுப்பு மாதிரி. ஒரு கடிதத்தை ஒரு முறை சேர்க்கும். அதே சங்கதியை நீங்கள் இரண்டு கடிதங்களாக எழுதிப் போட்டால் இரண்டையும் ஒழுங்காகச் சேர்க்கும்.

‘வெற்றி’ என்று வந்த பதிலையும் உடனே நம்பிவிடக்கூடாது. வங்கிகளுக்கிடையே பணம் அனுப்பும் நெஃப்ட் 2019 டிசம்பர் 16 முதல் நாள் முழுதும், அரை மணிக்கு ஒரு தொகுதியாக ஓடுகிறது. பெறும் வங்கியால் கணக்கில் வரவு வைக்க முடியவில்லை என்றால், தொகுதி முடிந்து இரண்டு மணி நேரத்துக்குள் பணத்தைத் திருப்ப வேண்டும் என்பது விதி. ஆகவே செயல்முறை ‘திரும்பிய செய்தி வந்தால் இது, மூன்று மணி நேரம் வரை வராவிட்டால் அது’ என்று இரண்டுக்கும் காத்திருக்கும் பிக் கட்டளையில் நிற்க வேண்டும். அந்த நேரம் கடந்த பிறகே விவசாயிக்குக் குறுஞ்செய்தி. பணம் வந்துவிட்டது என்று செய்தி வந்து, பாஸ்புக் போட்டுப் பார்த்தால் இல்லை என்ற புகார் பெரும்பாலும் இந்த வரிசை மாறியதால் வருவது. திரும்புவதற்கு முக்கியக் காரணம் பழைய ஐஎஃப்எஸ்சி. சிண்டிகேட் வங்கி 2020 ஏப்ரல் 1-இல் கனரா வங்கியோடு இணைந்து, அதன் பழைய எண்கள் 2021 ஜூலை 1 முதல் செல்லாதவை ஆனது ஒரு உதாரணம். மாதாமாதம் பட்டுவாடாவுக்கு முந்தைய வாரத்திலேயே எண்களை மட்டும் சரிபார்க்கும் சிறு செயல்முறை ஒன்றை ஓட்டிவிட்டால் பட்டுவாடா நாளில் பதற்றம் இல்லை.

செய்ததைத் திருப்புவது பற்றி. காம்பன்சேஷன் என்றால் நம்மூரில் நஷ்டஈடு. இங்கே பொருள் வேறு. நீண்ட செயல்முறையில் பாதி தூரம் வந்தபின் தவறினால், தரவுத்தளத்தில் செய்வது போல எல்லாவற்றையும் அழித்து முதல் நிலைக்குப் போக முடியாது. போன குறுஞ்செய்தியை யார் திரும்ப வாங்குவது? ஒவ்வொரு படிக்கும் அதை நேர்செய்யும் எதிர்ப்படி ஒன்றை எழுதிவைத்து, தலைகீழ் வரிசையில் ஓட்ட வேண்டும். 1987-இல் கார்சியா-மோலினா, சேலம் என்ற இருவர் சாகா என்ற பெயரில் முன்வைத்த கருத்து இது. (இந்தச் சேலம் ஒரு ஆசிரியரின் பெயர், நம் சேலம் இல்லை.) உரக்கடன் பிடித்தத்துக்கு எதிர்ப்படி, பேரேட்டில் மறுவரவு. கூடுதலாகப் போன பணத்துக்கு எதிர்ப்படி, விவசாயியின் கணக்கிலிருந்து எடுப்பது ஆகாது, அந்த உரிமை யாருக்கும் இல்லை. அடுத்த மாதப் பில்லில் பற்று வைத்து, காரணத்தை எழுத்தில் தருவது. டபிள்யூஎஸ்-அட்டாமிக்-டிரான்சாக்‌ஷன் என்று ஒரு தரம் இருக்கிறது, எல்லாருடைய தரவுத்தளத்தையும் ஒரே பிடியில் பூட்டிவைக்கும். ஒரே கட்டடத்துக்குள் இருக்கும் இரண்டு சர்வர்களுக்குச் சரி. வெளி வங்கி தன் பேரேட்டை நமக்காகப் பூட்டிவைத்துக் காத்திருக்காது.

எதிர்ப்படிகளை எல்லாம் அழகாக எழுதிவிட்டு அவை ஓடவே ஓடாமல் போகும் விதம் ஒன்று உண்டு. பிழை கையாளல் எதுவும் எழுதாவிட்டால், தரத்தின் இயல்புப்படி எதிர்ப்படிகள் ஓடி, பிழை மேலே அனுப்பப்படும். யாரோ ஒருவர் ‘எந்தப் பிழையானாலும் பதிவேட்டில் எழுது’ என்று ஒரு கேட்ச்-ஆல் வைத்துவிடுவார். வைத்த கணமே இயல்பு நடத்தை போய்விட்டது. எதிர்ப்படி ஓடாது, பிழை மேலே ஏறாது, மேலே இருக்கும் செயல்முறை எல்லாம் நலம் என்று நினைத்துத் தொடரும். கேட்ச்-ஆல் வைத்தால் அதற்குள் ‘காம்பன்சேட்’ (எதிர்ப்படிகளை ஓட்டு), ‘ரீத்ரோ’ (பிழையை மேலே அனுப்பு) இரண்டும் இருக்கின்றனவா என்று தேடிப்பாருங்கள். அந்நியர் எழுதிய செயல்முறையைப் பரிசோதிக்கப் போனால் நாங்கள் முதலில் திறந்து பார்ப்பது இதைத்தான்.

கையொப்பத்தில் மலைக்கே உரிய ஒரு சங்கடம். செய்திப் பாதுகாப்புக்கான டபிள்யூஎஸ்-செக்யூரிட்டி தரத்தின்படி கையொப்பமிட்ட செய்தியில் உருவான நேரமும் காலாவதி நேரமும் இருக்கும். பல கருவிகளில் இயல்பான ஆயுள் ஐந்து நிமிடம். எடை போட்ட உடனே கையொப்பமிட்டு வைத்துவிட்டு, மூன்று மணி நேரம் கழித்துச் சிக்னல் கிடைத்து அனுப்பினால், ‘காலாவதியானது’ என்று சர்வர் தள்ளிவிடும். ரசீதை எடை போட்ட நேரத்தோடு உள்ளே சேமித்து, உறைக்கான கையொப்பத்தை அனுப்பும் நொடியில் போட வேண்டும். கைக்கருவியின் கடிகாரம் பத்து நிமிடம் தள்ளி ஓடினாலும் இதே கதைதான், தினமும் ஒரு முறை நேரத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

மாத நடுவில் பிடித்தத்துக்கான விதி மாறினால் என்ன செய்வது? ஓடிக்கொண்டிருக்கும் செயல்முறைகள் பழைய பதிப்பிலேயே முடியட்டும், புதிதாகப் பிறப்பவை புதிய பதிப்பில். பழையதை உடனே நீக்கிவிட்டால் காத்திருப்பவை அனாதையாகும். இதைப் பற்றித் தரம் வாயே திறக்கவில்லை. ஒவ்வொரு நிறுவனத்தின் இயந்திரமும் ஒவ்வொரு விதம். டெண்டரிலேயே கேட்டு எழுதி வாங்க வேண்டிய விஷயம்.

பிபெல் பழசாகிவிட்டதே என்று இளைஞர்கள் சொல்வது எங்கள் காதிலும் விழுகிறது. உண்மைதான், புதிய வேலைகள் பெரும்பாலும் செயல்முறையைப் படமாக வரையும், 2011-இல் வந்த பிபிஎம்என் 2.0 தரத்திலும், எக்ஸ்எம்எல்லுக்குப் பதிலான எளிய ஜேசான் வடிவச் செய்திகளிலும் நடக்கின்றன. எங்களுக்கு அதில் ஆட்சேபம் இல்லை, படம் பார்த்தால் தொழிற்சாலைக் கணக்கருக்கும் புரியும் என்பது பெரிய வசதி. ஆனால் மேலே சொன்ன சாவி, காத்திருப்பு, இரட்டை அனுப்பல், எதிர்ப்படி எதுவும் மொழி மாறியதால் மறைந்துவிடாது. தரம் என்பதன் பயன், ஒப்பந்தக்காரர் மாறினாலும் செயல்முறைக் கோப்பு நம் கையில் இருப்பது. அதனால் டெண்டரில் மூன்றைக் கேளுங்கள்: எல்லா இணைப்புகளின் ஒப்பந்தப் பத்திரங்கள், பிபெல் 2.0 அல்லது பிபிஎம்என் 2.0 வடிவில் செயல்முறைக் கோப்புகள். அவற்றுக்குள் சொந்த நீட்டிப்புகளோ ஜாவா நிரல் துண்டுகளோ எங்கெங்கே செருகப்பட்டுள்ளன என்ற பட்டியல். மூன்றாவதைத் தரத் தயங்குவார்கள். அந்தப் பட்டியல் நீளமாக இருந்தால், தரம் என்ற பெயர் மட்டும்தான் இருக்கிறது, வேறு இயந்திரத்தில் அது ஓடாது.

பணம் கொடுத்து ஏற்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகள். கைக்கருவியைச் சிக்னல் இல்லாத இடத்தில் ஒரு நாள் முழுக்க வைத்து மாலையில் அனுப்பிப் பாருங்கள். ஒரே ரசீதை மூன்று முறை அனுப்புங்கள். எடை ஒரு முறைதான் ஏற வேண்டும். லாரி எடையை முதலிலும் பட்டியலைப் பிறகும் அனுப்புங்கள். ஈரக் கழிவு இல்லாத ரசீதைக் கழிவு உள்ள ரசீதுக்கு அடுத்து வையுங்கள். வங்கிச் சோதனைச் சர்வர் கட்டளையை வாங்கிக்கொண்டு பதில் சொல்லாமல் இருக்கும்படி செய்து, செயல்முறை நிலை விசாரிக்கிறதா, மறுபடி அனுப்புகிறதா என்று பாருங்கள். பத்துப் பேர் பட்டுவாடாவில் ஏழாவது ஆளுக்கு மட்டும் தவறான ஐஎஃப்எஸ்சி கொடுத்து, மற்ற ஒன்பது பேர் கணக்கும் என்ன ஆகிறது என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். காத்திருக்கும் நேரத்தில் சர்வரின் மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள். இவை ஒரு தொழிற்சாலையில் இரண்டு நாள் வேலை. ஏழில் ஒன்று தவறினாலும், திருத்தித் தரும் வரை கடைசித் தவணையை நிறுத்திவைக்கும் பிரிவு ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
மென்பொருள் இணைப்புப் பணியில் உள்ள வாசகர்கள் சிலர்,
குன்னூர், கோத்தகிரி.